இறக்காமல் விட்ட கொடி

மக்கா,

இதைப் போனில் சொல்லிவிடத்தான் பார்த்தேன். உன் பெண்டாட்டி ஷீஜாவின் பேரை எடுத்ததுமே நீ, "அம்மா, அத விடு, வேற வல்லதும் பேசு" என்கிறாய். நானும் மழை பெய்ததா, மீன் வாங்கினேனா, கரண்ட் போனதா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் அப்படிப் பேச்சை மாற்றாது. எழுத எழுத வாங்கிக்கொள்ளும். உனக்குத்தான் தெரியுமே, திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு நீளமாக எழுதும் ஆசை பிடித்திருக்கிறது. ஞாயிறு காலை கீரிப்பாறை பஸ் நம் தடிக்காரன்கோணம் நிறுத்தத்தில் வந்து நிற்கும். உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் படித்துக்கொண்டே போவேன். போன வாரம் கண்டக்டர், "டீச்சர், டிக்கெட்டு" என்றார். "டீச்சர் இல்ல தம்பி, படிக்கிற பிள்ள" என்றேன். "அப்ப பாஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. இந்தப் படிக்கிற பிள்ளை பார்த்ததையும் புரிந்துகொண்டதையும் உனக்கு வரிசையாக எழுதப் போகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

நல்லமிளகுக் கொடிகளிலிருந்து தொடங்குகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் லீவில் வந்தபோது, பின்பக்கத்துப் பலா மரங்களின் அடியிலும் கிணற்றடி அயினி மரத்தின் அடியிலும் நீயே குழி தோண்டி அவற்றை நட்டாய். மேற்கு வெயில் அடிக்காத பக்கமாகப் பார்த்து நட்டாய். உச்சி வெயில் அடிக்கும்போது தென்னையோலையை முடைந்து மறைப்பு வைத்தாய். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற கைக்கு மண் இப்படி ஒட்டுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீ ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகும் வாரந்தோறும் வீடியோவில் கூப்பிட்டு, "அம்மா, கொடிக்குப் பக்கத்துல போய் நில்லு, கைய மேல தூக்கு" என்பாய். நான் கையைத் தூக்குவேன். "எட்டுதா?" "எட்டல மக்கா." உடனே உன் முகம் மலரும். சின்ன வயதில் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் பென்சில் கோடு போடச் சொல்வாயே, அப்போதும் அதே முகம்தான். அந்தக் கோடுகளின் மேல் இன்றுவரை நான் பெயின்ட் அடிக்க விடவில்லை. வளர்த்தி என்றால் நம் இருவருக்குமே உயரம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அயினியில் ஏறிய கொடி மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போனபோது நீ அதைத்தான் உன் வாட்சப் படமாக வைத்தாய். கல்யாணப் போட்டோவைக்கூட நீ வைக்கவில்லை.

போன வருஷம் ஆவணியில் கல்யாணமாகி ஷீஜா நம் வீட்டுக்கு வந்தாள். நீ சில வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டாய். அவள் பத்துகாணி மலைப்பக்கத்துப் பிள்ளை. பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். கணக்கில் பட்டம் வாங்கியவள். எனக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தருவதும் அவள்தான், தப்புப் போட்டால் என் தலையில் குட்டுவது போல மேசையில் குட்டுவாள். அடக்கமான மருமகள் என்று யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது. தன் சமையலைத் தானே புகழ்ந்துகொள்வாள். வந்த கொஞ்ச நாளிலேயே பின்பக்கம் போய்க் கொடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"மாமி, இது கொடியா, கெட்டித் தொங்கவிட்ட கயிறா?"

"ஏட்டி, நல்லாத்தான ஏறியிருக்கு?"

"ஏறினா போதுமா? காய்க்கண்டாமா? கீழ ஒண்ணும் இல்ல, மேல மட்டும் ஒரு குடுமி. அந்தக் குடுமியில காய்ச்சா யாரு பறிக்கியது? ஒங்க மொவன் ஷார்ஜாவில இருந்து கை நீட்டுவாவளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்ன பிறகுதான் நானும் முதல்தடவையாக அந்தக் கொடிகளை ஒழுங்காகப் பார்த்தேன். மரத்தின் ஒரு பக்கத்தில் ஒற்றைத் தண்டு ஏறிப் போயிருந்தது. கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பட்டையைப் பிடித்திருந்தது, அதில் குறையில்லை. பக்கக் கிளைகள்தான் இல்லை. நல்லமிளகு காய்ப்பது அந்தப் பக்கக் கிளைகளில்தான் என்பதை அன்றைக்கு அவள் ஒரு கணுவைத் தொட்டுக் காட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஏறுகிற தண்டு கொடியை மேலே கொண்டுபோகும், அவ்வளவுதான். திரி விடுவதும் மணி பிடிப்பதும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளை. அந்தக் கிளைகள் இல்லாமல் கொடி எத்தனை உயரம் போனாலும் அது போய்க்கொண்டே இருக்கும், வேறொன்றும் தராது. நாம் இரண்டு பேரும் கையைத் தூக்கித் தூக்கி அதைத்தான் கொண்டாடியிருக்கிறோம்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் நன்றாக நனைந்து தண்டு இளகட்டும் என்று ஷீஜா காத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெட்டோத்தி அரிவாளும் மம்பட்டியுமாக இறங்கிவிட்டாள். கொடிகளை மரத்திலிருந்து இறக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் மக்கா. ஒருவர் மேலேயிருந்து கட்டுகளை அவிழ்த்து, பட்டையில் பிடித்திருக்கும் வேரை விரலால் நெம்பி விடுவித்துக்கொண்டே வர வேண்டும். இன்னொருவர் கீழே நின்று கொடியின் பாரத்தைத் தாங்க வேண்டும். தாங்குகிறவர் கவனம் பிசகினால் தண்டு தன் பாரத்திலேயே முறிந்துவிடும். முதல் கொடியை நான் அப்படித்தான் முறித்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், திட்டவில்லை. முறிந்த துண்டைக் கணுக் கணுவாக நறுக்கி, பைகளில் மண் நிரப்பி ஊன்றிவிட்டு, "இது மாமிக்க நர்சரி" என்று பெயரும் வைத்துவிட்டாள். இப்போது அவை துளிர்த்து நிற்கின்றன. அடுத்த கொடியில் என் கை பழகிவிட்டது.

இறக்கிய பிறகு அவள் செய்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். மரத்தைச் சுற்றி வளையமாக ஆழமில்லாத ஒரு குழி எடுத்தாள். மண்ணுக்குள் போகிற பாகத்தின் இலைகளை மட்டும் கிள்ளினாள். பிறகு தண்டை அந்த வளையத்தில் சுற்றிப் படுக்கவைத்தாள். படுக்கவைத்தாள் என்பதுதான் சரியான சொல், தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவது போல அத்தனை மெதுவாகச் செய்தாள். மேல் மண்ணும் சருகும் போட்டு மூடினாள். நுனியில் சில கணுக்களை மட்டும் வெளியே விட்டு, வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டை இறுக்கவில்லை, தண்டு பருப்பதற்கு இடம் விட்டே கட்டினாள். தரையில் படர்ந்து ஓடிய கொடிகளையும், மரத்தில் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தவற்றையும் வெட்டினாள். வெயில் இறங்கும்படி பலாவின் கீழ்க்கிளைகளில் சிலவற்றையும் கழித்தாள். மத்தியானத்துக்குள் பின்பக்கம் மொட்டையாகிவிட்டது. 

பக்கத்துவீட்டு ராஜம் சித்தி மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏட்டி, இத்தர வளந்ததப் பிடுங்கிக் குழியில போட்டு மூடுதியே, ஒனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்றார்.

"கோட்டிதான் சித்தி. கார்த்திகையில வந்து பாருங்க, நீங்களும் கோட்டியாவிய."

"வீட்டுக்காரன் வந்து பாத்தாம்னா தெரியும் ஒனக்கு."

"அவிய வந்து பாத்தா சந்தோசப்படுவாவ. நம்ம கொடி நாலு பக்கமும் பொதிஞ்சு நிக்கும் பாருங்க."

அவள் அப்போது 'நம்ம கொடி' என்று சொன்னதை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஏன் என்பது உனக்குப் பின்னால் புரியும்.

அன்று சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிட்டாய். அவளுக்கு அதைக் காட்டுவதில் அப்படி ஒரு ஆசை. கையில் மண்கூடக் கழுவாமல் போனை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உனக்குத் தெரிந்தது மொட்டை மரங்களும், கிளறிய மண்ணும், குவித்துப் போட்ட இலையும்தான். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும், அதில் உன்னை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீ சொன்னது பதற்றத்தில் வருகிற பேச்சு இல்லை. "யாரக் கேட்டு இதச் செஞ்ச? அது என்ன ஒங்க வீட்டுத் தோட்டமா, தோணினபடி வெட்டுததுக்கு?" என்றாய். அவள் போனை என்னிடம் நீட்டி, "மாமி, அடுப்பில பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை மக்கா. பால்காரர் அன்றைக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகு நீ அவளைக் கூப்பிடவில்லை. அவளும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ என்னோடு பேசும்போது அவள் எழுந்து துணி எடுக்கப் போகிறாள், காயாத துணியையும் எடுத்துவிடுகிறாள். போன மாதம் நீ ஐப்பசி லீவை எடுக்கப் போவதில்லை என்றாய். வேலை அதிகம் என்றாய். நான் நம்பியது போல இருந்துவிட்டேன். அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அவள் அம்மா பத்துகாணியிலிருந்து கூப்பிட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை இருக்கிறதாம், வீட்டிலிருந்தே போய்வரலாமாம், 'இங்கே வந்துவிடு' என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போவது நல்ல விஷயம். நானே அவளைப் போகச் சொல்வேன். ஆனால் 'இங்கே வந்துவிடு' என்ற சொல்லை நான் ஒரு தாயின் காதோடு கேட்டேன். ஷீஜா சொன்ன பதிலையும் கேட்டேன்: "ஐப்பசி கழியட்டு அம்மா, பிறவு நோக்கலாம்." இதற்கு மேல் நான் உனக்கு விளக்க வேண்டாம்.

இனி நடந்ததைக் கேள். ஆனி முடிவதற்குள், மண்ணுக்குள் படுத்திருந்த கணுக்களிலிருந்து துளிர் எழுந்தது. ஒரே தண்டு ஏறியிருந்த மரத்தைச் சுற்றி, எல்லாப் பக்கமும் சிவந்த நுனிகள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. அன்று காலை ஷீஜா என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் பாம்போ என்று பயந்து ஓடினேன். அவள் தரையில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள், இடையில் நான் பேசியதால் எண்ணிக்கை விட்டுப்போய் என்னை ஏசினாள். பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி மரத்தைச் சுற்றிப் பங்கிட்டுக் கட்டினாள். நல்ல திடமானதை வைத்துக்கொள்வாள், நோஞ்சானைக் கிள்ளிவிடுவாள். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஓடினால் அதன் நுனியைக் கிள்ளுவாள். "நீ மட்டும் போனா போருமா? மத்தவியளும் வரண்டாமா?" என்று அதனிடம் கேட்பாள். இப்போது பலா மரங்களின் அடி தெரியவில்லை. பச்சைச் சட்டை போட்டது போல நிற்கின்றன. என் இடுப்பு உயரத்திலேயே பக்கக் கிளைகள் நீண்டிருக்கின்றன. இந்த வருஷம் காய் இல்லை, அதை அவளே முதலில் சொல்லிவிட்டாள். ஆனால் காய்க்கும்போது நான் ஏணி இல்லாமல் தரையில் நின்றே பறிப்பேன். ராஜம் சித்தி இரண்டு நாளைக்கு முன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கொடியைப் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, "மக்களே, எனக்க வீட்டுக்கும் ஒருநா வருவியா?" என்றார். ஷீஜா, "கோட்டிக்காரிய வீட்டில ஏத்தலாமா சித்தி?" என்றாள். போகத்தான் போகிறாள்.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், அவள் அங்கே கிள்ளிக்கொண்டிருந்த நாட்களில் நான் அடுக்களையில் உட்கார்ந்து அதையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உயிரியல் புத்தகத்தில் நுனி ஆதிக்கம் என்று ஒரு தலைப்பு வருகிறது. செடியின் நுனி ஒரு பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இருக்கிறவரை பக்கத்து மொட்டுகள் உறங்கியே கிடக்கும். நுனியைக் கிள்ளினாலோ, நிமிர்ந்த தண்டைச் சாய்த்துப் படுக்கவைத்தாலோ அந்தப் பிடி தளர்ந்து பக்க மொட்டுகள் கண் விழிக்கும். படித்ததும் புத்தகத்தோடு பின்பக்கம் ஓடி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்க அப்பா இத ஒரு வெட்டில காட்டித் தருவாவ. ஆனா ஏன்னு கேட்டா, அப்படித்தான்னு சொல்லுவாவ. இன்னொருக்க வாசியுங்க மாமி" என்றாள். நான் வாசித்தேன். அவள் கையில் இருந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் இதைத்தான் பேசினோம். இந்த வீட்டில் ஒரு பாடத்தைப் பற்றி எனக்குச் சமமாக உட்கார்ந்து பேச ஒரு ஆள் வந்திருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் இத்தனை நீண்டதில்லை.

கொடியை வைத்து உனக்கு உவமை சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. உவமை எழுதினால் தமிழ்ப் பரீட்சையில் மார்க் கிடைக்கும், வீட்டுக்குள் அது உதவாது. நான் உன்னிடம் சொல்ல நினைப்பது நேரான விஷயம். ஒரு வேலையைத் தெரிந்து செய்கிறவளை நீ கட்டியிருக்கிறாய். பாதியில் பார்த்தால் பாழாக்கியது போலத் தெரிகிற வேலையை, முடிவு தெரிந்து, பொறுமையாக, ஊர் பேசுவதைச் சிரித்துக் கேட்டுக்கொண்டு செய்கிற தைரியம் அவளுக்கு இருக்கிறது. அது எல்லாரிடமும் இல்லை, என்னிடம் இல்லை. அப்படிப்பட்டவளோடு வாழ்கிறவன் பாதியில் பார்க்கும்போது, 'இது என்ன?' என்று கேட்டால் போதும். 'யாரைக் கேட்டு?' என்று கேட்க வேண்டியதில்லை. நீ கேட்டிருந்தால் அன்று சாயங்காலம் அவள் உன்னிடம் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள், உன் காது வலித்திருக்கும், நீயும் அங்கே சிரித்துக்கொண்டே தூங்கப் போயிருப்பாய். அன்றைக்குப் பிறகு அவள் 'நம்ம கொடி' என்று சொல்லவில்லை. 'ஒங்க மொவனுக்க கொடிக்குத் தண்ணி விடணும்' என்கிறாள். விடவும் செய்கிறாள்.

இனிக் கடைசி விஷயம். கிணற்றடி அயினி மரத்தில் இருக்கிற உன் உயரமான கொடியை அவள் இறக்கவில்லை. அன்றைக்கு நேரம் போதவில்லை என்று நான் நினைத்தேன். நீ ஏசிய பிறகு, இனித் தொடமாட்டேன் என்று வீம்பாக விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இன்னும் அப்படியேதான் நிற்கிறது, கீழே மொட்டையாக, மேலே குடுமியோடு. பலா மரத்துக் கொடிகளுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தால் உனக்கே வித்தியாசம் தெரியும். போன வாரம் கிணற்றடியில் துணி துவைக்கும்போது, அயினியின் அடியில் காய்ந்த தென்னையோலை பரப்பிக் கிடந்தது. பாம்பு அடையும் என்று எடுத்துப் போடப் போனேன். ஓலைக்குக் கீழே, மரத்தைச் சுற்றி அழகாக வளையம் எடுத்து வைத்திருந்தது. பக்கத்தில் சலித்த மண்ணும் சாணப்பொடியும் கூட்டி, சாக்கு போட்டு மூடியிருந்தது. நான் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இது எப்ப எடுத்த குழி?"

"அன்னைக்கே எடுத்தது. மத்ததுக்கு எடுக்கச்சில இதுக்கும் எடுத்தேன்."

"பின்ன ஏன் இறக்கல?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஓலையைத் திரும்ப இழுத்து மூடினாள். "இது அவியளுக்குப் பிரியமுள்ள கொடி மாமி. இத அவியதான் இறக்கணும்னு அன்னைக்கு வீடியோல சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவிய வேற சொல்லிட்டாவ."

அவ்வளவுதான் மக்கா. உனக்காக ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைச் சொல்லத்தான் அவள் கை கழுவாமல் போனை வாங்கினாள். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே வந்தவள் கிணற்றடிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நீ பேசிவிட்டாய்.

வைகாசியில் தவறினால் துலா மழையில் இறக்கலாம் என்கிறாள். ஐப்பசியின் முதல் மழையில் தண்டு நன்றாக இளகும். அதற்குள் நீ வர வேண்டும். லீவைத் திரும்பக் கேள், கொடுப்பார்கள். அவளுக்கு என்று எதுவும் வாங்கிக்கொண்டு வராதே, அத்தரும் சாக்லேட்டும் இதைச் சரி செய்யாது. வந்ததும் பை வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போ. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், "எப்படி இறக்கணும், சொல்லு" என்று கேள். மேலே யார், கீழே யார் என்பதை அவள் சொல்வாள். உன்னைக் கீழேதான் நிறுத்துவாள் என்று நினைக்கிறேன். பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவன் கையில்தான் வரும், பிசகாமல் தாங்கு. என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு அன்றைக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருக்கும்.

ராத்திரி இங்கே நல்ல மழை. காலையில் காபி போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷீஜா அயினி மரத்தடியில் குந்தியிருந்து, சரிந்து விழுந்த மண்ணைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டு, குழியைத் திரும்ப வளையமாக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா